இருபது முகமா, ஆறுமுகமா: சொந்த விதிகளுக்கு எந்தப் பகடை?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி, நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டும் ரோல்பிளேயிங் விளையாட்டு எங்களுடையது. எங்கள் குழுவின் பழைய கேம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் நீண்ட கதை, போன மாதம் ஒருவழியாக முடிந்தது. அடுத்ததற்கு யாருடைய விதிப்புத்தகமும் வேண்டாம், நாமே எழுதிக்கொள்வோம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த எல்லோரிலும் எழுதப்போகிறவன் நான் ஒருவன்தான். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். ஊர்கள், சாமிகள், மந்திரம் எங்கிருந்து வருகிறது, செத்தவன் திரும்பி வரலாமா கூடாதா, எல்லாம் மளமளவென்று எழுதியாயிற்று. முதல் பக்கம் மட்டும் மூன்று வாரமாகக் காலி. அங்கே வர வேண்டியது ஒரே வரி: ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று தெரியாதபோது எந்தப் பகடையை எப்படி உருட்டுவது?

போட்டியில் மூன்று. இருபது முகப் பகடை ஒன்று, அதாவது டி20. நூற்றுக்கு இத்தனை என்று பார்க்கும் டி100. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு, அதாவது 2டி6. எங்கள் மேசையின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் என் முடிவு யாருக்கும் உதவாது. ஆடுகிறவர்கள் நான்கு பேர், ஜிஎம் (கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) நான். ஞாயிறு சாயங்காலம் 3 மணி நேரம். நால்வரில் ஒருத்தருக்கு இதுதான் முதல் ஆட்டம். முந்தின நாள் உட்கார்ந்து தயாரிக்க எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

இந்த மாதிரி விஷயத்தில் எல்லோரும் முதலில் நிகழ்தகவு அட்டவணை போடுவார்கள். நானும் போட்டேன், கலர் எல்லாம் அடித்து. சில ஞாயிறுகள் மூன்றையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்த பிறகு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது. எந்தப் பகடையாக இருந்தாலும் உருட்டுவதில் கிட்டத்தட்டப் பாதி, நினைத்தபடி நடக்காமல்தான் போகும். அந்த நொடியில் மேசையில் யார் வாய் திறக்க வேண்டும்? ஆட்டக்காரரா, ஜிஎம்மா, இல்லை விதியே ஏதாவது சொல்கிறதா?

சோதனைக்கு ஒரே காட்சி. காரி என்றொரு திருடன். நள்ளிரவு. முப்பதடிக் கோட்டைச் சுவர். கீழே விளக்கோடு ஒரு காவலாளி சுற்றி வருகிறான். காரி மேலே ஏற வேண்டும்.

டி20-யிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த விளையாட்டுக்கே முகம் அதுதான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டபோது இருபது முகப் பகடை என்பது கணக்குப் பாடத்துக்காகப் பள்ளிக்கூடச் சாமான் விற்கிறவர்களிடம் கிடைத்த பொருள். ஆரம்பகாலப் பகடைகளில் 1 முதல் 20 வரை இருக்காது, 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். அப்போது அதை முக்கியமாகச் சண்டையில் அடி பட்டதா என்று பார்க்கவே உருட்டினார்கள். பூட்டுத் திறக்க ஒரு பகடை, கதவு உடைக்க ஒரு பகடை என்று ஆளுக்கொரு வழியாக இருந்ததை, 2000-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் ஒரே வரியாக்கியது: டி20 உருட்டு, உன் திறமையைக் கூட்டு, இலக்கு எண்ணைத் தொட்டால் ஜெயம். 2014-இன் ஐந்தாம் பதிப்பு அட்வான்டேஜ் என்று ஒன்றைச் சேர்த்தது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 55 சதவீத வாய்ப்பு இருந்தவனுக்கு அது கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். கூட்டல் கழித்தல் இல்லாமல் இவ்வளவு வேலை செய்யும் விதியை நான் வேறு பார்த்ததில்லை.

சரி, இதன் கோளாறு என்ன? இருபது முகத்தில் ஒவ்வொன்றுக்கும் அதே 5 சதவீதம். நடுவில் குவிவதே இல்லை. ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள், இலக்கு 15. முதல் லெவல் போர்வீரனுக்கு +5, அதாவது 10 விழுந்தால் போதும், 55 சதவீதம். நோஞ்சான் மந்திரவாதிக்கு -1, அவனுக்கு 16 வேண்டும், 25 சதவீதம். வீரன் மோதிப் பார்த்து முடியாமல், பின்னால் நின்ற மந்திரவாதி ஒரு தட்டுத் தட்டியதும் கதவு திறந்துகொள்ளும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். ஒன்பது கதவுக்கு ஒரு கதவு. முதல் தடவை மேசையே சிரிக்கும். நாலாவது தடவை போர்வீரனை வைத்திருப்பவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

காரிக்கு வருவோம். அவனுக்கும் +5, சுவருக்கும் 15. உருட்டினான், 7 விழுந்தது, ஆக மொத்தம் 12. "ஏற முடியலை" என்றேன். "சரி, இன்னொரு தடவை" என்றான். இந்த "இன்னொரு தடவை"தான் டி20-யின் உண்மையான நோய். தோற்றால் என்ன ஆகும் என்று அந்த ஒரு வரி விதி எதுவும் சொல்வதில்லை. ஜிஎம் ஏதாவது கண்டுபிடிக்காவிட்டால் ஆட்டம் அதே சுவரடியில் நிற்கும். மூன்றாம் பதிப்பு எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அவசரமும் ஆபத்தும் இல்லையென்றால் இருபது மடங்கு நேரம் செலவழித்து, 20 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி போட்டார்கள். நல்ல விதி. காவலாளி சுற்றி வரும் இரவில் அது செல்லாது.

சண்டையில் மட்டும் இந்தக் குறை தெரியாது. தவறிவிட்டால் எதிராளியின் முறை, அவன் அடிப்பான், அதுவே விளைவு. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (தாங்கும் உயிர்) 7. அதே +5 வீரன் நீள்வாளால் அடித்தால் (சேதம் டி8+3, அதாவது எட்டுமுகப் பகடையோடு 3) ஒரே வீச்சில் அதைச் சாய்க்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சைப் பிடிக்க வைக்கும் அளவு. சண்டைதான் உங்கள் ஆட்டத்தின் பெரும்பகுதி என்றால் மேலே படிக்கவே வேண்டாம், டி20-யை எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்தது டி100. பத்து முகப் பகடை இரண்டு, ஒன்று பத்தாமிடம், இன்னொன்று ஒன்றாமிடம். 1978-இல் கேயாசியம் நிறுவனத்தின் ரூன்குவெஸ்ட் விளையாட்டு இதை முதுகெலும்பாக வைத்தது. 1981-இல் அதே நிறுவனத்தின் திகில் விளையாட்டான கால் ஆஃப் கதுலு அதை ஃபேன்டஸிக்கு, அதாவது வாள்-மந்திரக் கதைகளுக்கு, வெளியே கொண்டுபோயிற்று. பாத்திரத்தின் திறமைகளை எழுதிய தாளில் "ஏறுதல் 65" என்று இருக்கும். 65 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் ஏறிவிட்டாய். அவ்வளவுதான்.

புதிதாக வந்தவருக்கு இதைவிடச் சுலபமாக எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது. எங்கள் புது ஆட்டக்காரர் வங்கியில் வேலை பார்க்கிறவர். டி20-யில் "+5 என்றால் நான் கெட்டிக்காரனா இல்லையா?" என்று இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். டி100 தாளைப் பார்த்ததும், "ஓ, வட்டி மாதிரி" என்றார். அதற்கப்புறம் கேள்வியே இல்லை.

ரூன்குவெஸ்ட் வழியில் ஆள் வளர்வதும் அழகு. ஒரு திறமையை ஆட்டத்தில் பயன்படுத்தி ஜெயித்தால் பக்கத்தில் ஒரு டிக். சாகசம் முடிந்ததும் ஒவ்வொரு டிக்குக்கும் டி100 உருட்ட வேண்டும். இந்தத் தடவை இப்போதிருக்கும் எண்ணுக்கு மேலே விழுந்தால்தான் அந்தத் திறமை ஏறும். 30 உள்ளவன் கற்றுக்கொள்ள 70 சதவீதம் வாய்ப்பு, 90 உள்ளவனுக்கு 10. கற்றுக்குட்டி வேகமாக வளர்கிறான், ஆசான் நின்று நிதானமாக வளர்கிறார். லெவல் என்ற சொல்லே தேவையில்லை. மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த டிக் விதியை எப்படியாவது திருடிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே குறித்துவைத்தேன்.

ஆனால் சதவீதம் கண்ணுக்குத் தெரிவதே சில சமயம் வினை. 1981-ஆம் வருடத்து பேசிக் டி அண்ட் டி-யில் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எளிய பதிப்பு) முதல் லெவல் திருடனுக்குச் சுவரேறுதல் 87 சதவீதம், பூட்டுத் திறத்தல் 15 சதவீதம். பெயர் திருடன், நூற்றில் எண்பத்தைந்து பூட்டு அவனுக்குத் திறக்காது. எண் மறைந்திருந்தால் ஆட்டக்காரர் துணிந்து இறங்குவார். "15" என்று எழுதிக் காட்டினால் யார் பூட்டைத் தொடுவார்கள்? சண்டையிலும் இழுவை. ரூன்குவெஸ்ட் பாணியில் ஒருவன் அடிக்க உருட்டினால் மற்றவன் தடுக்க உருட்டுவான். இருவருக்கும் 50 என்றால் அடி உள்ளே போவது நாலில் ஒன்று. இரண்டு அரைகுறை வீரர்கள் பத்து நிமிடம் டங் டங் என்று வாளைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் நடத்தியிருக்கிறேன், பெருமையாக இல்லை.

காரி 65-க்கு உருட்டினான், 71 விழுந்தது. மறுபடி அதே மௌனம். ஆனால் இங்கே ஒரு மருந்து உண்டு. கால் ஆஃப் கதுலுவின் ஏழாம் பதிப்பில், தோற்ற உருட்டலை ஆட்டக்காரர் ஒரே ஒரு தடவை "தள்ளிப் பார்க்கலாம்". முதலில் இந்தத் தடவை புதிதாக என்ன செய்கிறார் என்று அவர் சொல்ல வேண்டும். அதிலும் தோற்றால் ஜிஎம் ஒரு கெட்ட விளைவை இறக்குவார். காரி செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, காவலாளி முகம் கழுவக் குனியும் நேரம் பார்த்து ஏறுவதாகச் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் சுவர் சுவராகத் தெரிந்தது. பேசும் வேலையை விதி ஆட்டக்காரரிடம் தள்ளிவிட்டது, என் பங்கு பாதியாகக் குறைந்தது. தயாரிக்க நேரமே இல்லாத ஜிஎம்முக்கு, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு, நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இனி ஆறுமுகம். இரண்டு பகடையின் கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தாயம் ஆடிய கைக்கு அது தெரியும். பித்தளைத் தாயக்கட்டையில் ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், 0 முதல் 3 வரை. இரண்டையும் உருட்டினால் வரக்கூடியவை பதினாறு வகை. அதில் தாயம் என்ற 1 வருவது இரண்டே வகையில், மூன்று வருவது நாலு வகையில். இரண்டும் காலியாக விழுந்து பன்னிரண்டு வருவது ஒரே வகை, அதனால்தான் அதற்கு அவ்வளவு கூச்சல். காய் இறக்கத் தாயத்துக்காகக் காத்துக் கிடந்த பாட்டியிடம் "நடுவில் உள்ளதுதான் அதிகம் விழும், ஓரம் அபூர்வம்" என்று கிராஃப் போட்டுக் காட்டினால் அடிக்க வருவார். 2டி6-ம் அதே குணம்தான்: முப்பத்தாறு வகையில் 7 வருவது ஆறு வகை, 12 வருவது ஒன்று.

இதை வைத்து வெறும் ஜெயம் தோல்வி பார்க்கும் விளையாட்டுகள் பழையவை. 1977-இல் வந்த டிராவலரில் 8 தொட்டால் ஜெயம். மேசையை மாற்றியது 2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகுவி பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்ட். அதன் ஃபேன்டஸி வாரிசு 2012-இன் டன்ஜன் வேர்ல்ட். இரண்டு பகடையைக் கூட்டி, திறமைக்குப் பெரும்பாலும் -1 முதல் +3 வரை சேர்க்க வேண்டும். 10-உம் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 6-உம் அதற்குக் கீழும் என்றால் ஜிஎம் கை ஓங்கும், கதை மோசமான பக்கம் நகரும்.

+1 உள்ளவனுக்குக் கணக்கு எப்படி என்றால், முழு ஜெயம் 28 சதவீதம், முழுத் தோல்வி 28 சதவீதம், மீதி 44 சதவீதம் அந்த "ஆனால்". சும்மா ஒன்றும் நடக்காமல் போவது என்று ஒரு கட்டமே இல்லை.

காரி உருட்டினான், 8. "ஏறிட்டே. ஆனா பாதி வழியிலே இடுப்புக் கயிறு அவிழுது. கயித்தைப் பிடிச்சா மேலே கல்லு பேர்ந்து கீழே விழும், சத்தம் கேட்கும். விட்டா கயிறு காவலாளி தலையிலே. எது?" என்றேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்த ஞாயிறு முழுக்க எனக்கு நினைவிருப்பது அந்த அரை நிமிடம்தான்.

அப்புறம் மூன்றாவது மணி நேரம் வந்தது. அன்றைக்கு ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே நடத்தினேன்: மொத்தம் 41 உருட்டல், அதில் 19 தடவை 7-க்கும் 9-க்கும் இடையில். பத்தொன்பது தடவை நான் புதிதாக ஒரு "ஆனால்" சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாவதுக்கு மேல் என் சரக்கு தீர்ந்துபோய், எதை உருட்டினாலும் "சத்தம் கேட்டு ஒரு காவலாளி வருகிறான்" என்றே வந்துகொண்டிருந்தது. கடைசியில் கிணற்றுக்குள் இறங்கியபோதும் ஒரு காவலாளி வந்தான். கிணற்றுக்குள் அவனுக்கு என்ன வேலை என்று ஒருத்தர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. 2டி6 ஜிஎம்மின் மண்டையை எண்ணெய்ச் செக்கில் போட்டு ஆட்டிவிடும்.

இன்னொரு குறை, ஆளை வளர்க்க இடமில்லை. +3 வந்துவிட்டால் முழுத் தோல்வி 8 சதவீதம்தான், +4 என்றால் 3 சதவீதம்கூட இல்லை. அதற்குமேல் பகடை உருட்டுவதே சம்பிரதாயம். இரண்டு வருடம் ஓட வேண்டிய கேம்பெயினுக்கு இது தாங்காது. பத்துப் பதினைந்து செஷனில் முடிகிற கதைக்குத் தாராளம், எங்கள் கதை அவ்வளவுதான்.

மூன்றுக்கு வெளியேயும் பார்த்தேன். கர்ப்ஸ் (1986) மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டித் திறமை எண்ணோ அதற்குக் கீழோ விழச் சொல்கிறது. 12 உள்ளவன் 74 சதவீதம் ஜெயிப்பான், 14 உள்ளவன் 91. கெட்டிக்காரன் கெட்டிக்காரனாகவே நடந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் கூடவே வரும் புத்தகச் சுமை எனக்கு வேண்டாம். பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) திறமைக்கு ஏற்ப ஒரு கை ஆறுமுகப் பகடையை உருட்டி, பெரியதை மட்டும் பார்க்கச் சொல்கிறது. அதிலும் நடுவில் ஒரு "ஆனால்" உண்டு, என் மண்டை அங்கேயும் ஆட்டப்படும்.

ஒன்று மட்டும் எந்தப் பகடையை எடுத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்: பழைய 1981 பேசிக் விதியின் மொரேல், அதாவது எதிரியின் மனத்துணிவு. எதிரிக் கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் ஜிஎம் 2டி6 உருட்ட வேண்டும். எதிரியின் மொரேல் எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். கோப்ளினுக்கு 7. அதாவது 8-உம் மேலும் விழ வேண்டும், சுமார் 42 சதவீதம். எங்கள் சண்டைகள் இதனால் மட்டுமே பாதி நேரத்தில் முடிந்தன. ஓடிப்போன கோப்ளின் அடுத்த வாரம் ஆள் சேர்த்துக்கொண்டு வருவது தனி லாபம்.

விதியை வெளியே பிரசுரிக்கும் எண்ணம் இருந்தால் உரிமத்தையும் பார்க்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வந்துவிட்டது, பெயர் குறிப்பிட்டுவிட்டு அதன் வாசகத்தையே எடுத்தாளலாம். என் நோட்டு எங்கள் வீட்டைத் தாண்டப்போவதில்லை.

ஆக, எங்கள் முதல் பக்கத்தில் 2டி6 என்று எழுதிவிட்டேன். பகடைக்கு அலைய வேண்டாம், லூடோ டப்பாவைத் திறந்தால் போதும் என்பதும் ஒரு காரணம். (போனில் பகடை உருட்டும் ஆப் இருக்கிறதே என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. மேசையில் உருளும் சத்தத்துக்குத்தானே அந்த மௌனம்.) ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 7 முதல் 9 விழுந்தால் விலை என்ன என்பதை நான் சொல்லமாட்டேன், உருட்டியவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். பொருந்தவில்லை என்றால் தடுக்க மட்டும் எனக்கு உரிமை. அடுத்தவனுக்குக் குழி தோண்டுவதில் மனுஷனுக்கு எவ்வளவு கற்பனை என்று அப்போதுதான் தெரிந்தது, ஒரு தடவைகூட காவலாளி வரவில்லை. டன்ஜன் வேர்ல்டில் 6-க்குள் விழுந்தால் ஒரு அனுபவப் புள்ளி உண்டு. அதை ரூன்குவெஸ்டின் டிக்கோடு கலந்து, எந்தத் திறமையில் தோற்றோமோ அதன் பக்கத்திலேயே டிக் போடுகிறோம். கணக்கு இன்னும் சரியாக உட்காரவில்லை, இரண்டு செஷன் ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும்.

வேறு மேசைக்கு வேறு பதில். ஆட்கள் வாராவாரம் மாறுகிற இடம், தெரியாதவர்கள் வந்து உட்காருகிற இடம் என்றால் டி20-தான். பாதிப் பேர் ஏற்கெனவே அதில் ஆடியிருப்பார்கள்.

எங்கள் குழுவில் மந்திரவாதியாக ஆடுகிறவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளிடம் ஒரு நீல நிற டி20 இருக்கிறது, நாலு வருடமாக அதைத்தான் உருட்டுகிறாள், லூடோ பகடையால் மந்திரம் போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எங்கள் உலகத்தில் மந்திரம் என்பது கட்டுக்கடங்காத ஒன்று. நடுவில் குவியாமல் எது வேண்டுமானாலும் விழும் பகடை கதவுக்கு ஆகாது, மந்திரத்துக்குப் பொருத்தம்தான். முதல் பக்கத்தில் இரண்டாவது வரியாக "மந்திரத்துக்கு மட்டும் டி20" என்று சேர்த்தேன். 20 விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதிவிட்டேன். 1 விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத நோட்டை அவளிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.